எழுதியதற்கும் நடப்பதற்கும் இடையில்

நெய்வேலி நகரியம் 16-ஆம் வட்டத்தில் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் கோயில் இருக்கிறது. பத்தடி உயர ஐம்பொன் நடராசரைத் தரிசிக்க வருகிறவர்களில் பலர் தங்கள் குறையை ஒரு தாளில் எழுதி, அங்குள்ள முறைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவதுண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பணி நிரந்தரமாக வேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும் என்பவைதாம் மனிதர்கள் இறைவனிடம் வைக்கும் குறைகள். இப்படி எழுதிப் போடுகிற அதே மனிதர், வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்துவிட்டால் எல்லாம் தலையெழுத்து என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். எழுதியது எழுதியபடியே நடக்கும் என்றால் மனுவுக்கு வேலையே இல்லை. மனுவுக்குப் பயன் உண்டு என்றால் எழுதியபடியே நடக்கும் என்பது பொய். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வைத்திருப்பதைச் சொல்லி, இரண்டும் வேண்டும் என்று முடித்துக்கொள்வது நம் மேடை வழக்கம். இரண்டும் எப்படிச் சேரும் என்பதைச் சொல்லாமல் அப்படி முடிப்பது கேள்வியைத் தள்ளிப்போடுவதுதான். நம் காலத்தில் தலையெழுத்துக்குத் துணையாக மரபணு என்னும் இன்னோர் எழுத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. சர்க்கரை எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது என்று சொல்லும் குரலும், எல்லாம் அவன் போட்ட எழுத்து என்று சொல்லும் குரலும் பல வீடுகளில் ஒன்றே. தொடக்கத்திலேயே எல்லாம் எழுதி முடிந்துவிட்டது, வாழ்க்கை அதை ஒப்பிக்கிறது என்ற ஒரே சித்திரத்தின் மேல்தான் இரண்டு குரலும் நிற்கின்றன. அந்தச் சித்திரம் நம் உடம்பைப் பற்றிய அளவிலேயே தவறு என்பதும், இந்தக் கடலூர் வட்டாரத்தில் வாழ்ந்த ஞானிகள் வினையைப் பற்றிய அளவில் அதை வேறு காரணங்களால் ஏற்கவில்லை என்பதும் இங்கே நான் நிறுவ விரும்புவது.

உடம்பிலிருந்து தொடங்கலாம். டிஎன்ஏயில் உள்ள மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்ற படி எடுக்கப்படுகிறது. அந்தப் படியை ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதம் செய்கிறது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். படி எடுத்த பிறகு, அதைப் படிப்பதற்கு முன்பு, செல் அந்த ஆர்என்ஏயின் எழுத்தையே மாற்றுவது உண்டு; இதுதான் ஆர்என்ஏ திருத்தம். நெய் ஊற்றிச் சாப்பிட்ட ஒருவரின் சிறுகுடலை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற்றி அனுப்ப அபோ-பி என்ற புரதம் வேண்டும். கல்லீரலும் தன் வேலைக்காக அதே மரபணுவிலிருந்து அபோ-பி செய்கிறது. குடலிலும் கல்லீரலிலும் அந்த மரபணுவில் ஓர் எழுத்துகூட வேறுபாடில்லை. ஆனால் கல்லீரல் செய்யும் புரதத்தில் 4,536 அமினோ அமிலங்கள் இருக்கின்றன, குடல் செய்வதில் 2,152 மட்டுமே. சுமார் 14,000 எழுத்து நீளமுள்ள அந்த ஆர்என்ஏயில் 6,666-ஆம் இடத்தில் ஒரு 'சி' இருக்கிறது. குடல் செல்லில் அபோபெக்-1 என்ற நொதி அந்த எழுத்திலிருந்து ஓர் அமினோ தொகுதியைக் கழற்றிவிடுகிறது. 'சி' அந்த இடத்திலேயே 'யு' ஆகிவிடுகிறது. குளூட்டமின் சேர்க்கச் சொன்ன சிஏஏ, யுஏஏ ஆகிறது. ரைபோசோமுக்கு அது நிறுத்தச் சொல்லும் கட்டளை, ஆகவே பாதியில் நிறுத்திவிடுகிறது. அந்தக் குட்டைப் புரதம்தான் சாப்பாட்டுக் கொழுப்பை ஏற்றிச் செல்ல ஏற்றது. 1987-இல் இது தெரியவந்தது. ரைபோசோம் எப்படிப் படிக்கிறது என்பதன் அணு அளவிலான வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன், நெய்வேலிக்கு அடுத்த சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர். ரைபோசோம் மூலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் முன் வந்து சேர்ந்த படியை மட்டுமே அது அறியும். மூலத்தில் என்ன இருந்தது என்பது அந்த இடத்தில் கேள்வியே ஆகாது.

இது எங்கோ ஓர் அபூர்வம் என்று ஒதுக்குவதற்கில்லை. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்ல்ஸ் டோனவன் என்ற மருத்துவர், காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் கண்ட நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னஞ்சிறு உருண்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றிலும் சாயம் ஏறிய ஒரு பெரிய பொட்டு, பக்கத்தில் ஒரு சிறிய பொட்டு. காலா அசார் நோயை உண்டாக்கும் அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று அவர் பெயரும் சேர்ந்தது. அந்தச் சிறிய பொட்டுக்குள் இருக்கும் டிஎன்ஏயிலிருந்து வரும் ஆர்என்ஏக்கள்தாம் திருத்தம் என்பதையே உலகுக்குக் காட்டியவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிகளில், மூலத்தில் இல்லாத நான்கு 'யு' எழுத்துகள் ஆர்என்ஏயில் செருகப்பட்டிருப்பதை 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னேயின் குழு கண்டது. பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் இன்னும் வியப்பானவை. இந்த ஒட்டுண்ணிகளின் சில ஆர்என்ஏக்களில் பாதிக்கும் மேற்பட்ட எழுத்துகள் பிறகு செருகப்பட்டவை, மூலத்தை மட்டும் வைத்துப் படித்தால் பொருளே கிடைக்காது. நெய்வேலியைச் சுற்றியுள்ள நெல்வயலிலும் முந்திரித் தோப்பிலும் பண்ருட்டிப் பலாவிலும் இந்த வேலை நாள்தோறும் நடக்கிறது. பூக்கும் தாவரங்கள் அனைத்தும் தங்கள் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் 'சி'யை 'யு' ஆக்குகின்றன. நெல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் இப்படி மாறும் இடங்கள் ஐந்நூறுக்கு அருகில். பூமிக்கடியில் கறுத்துக் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே நின்ற தாவரங்களின் எச்சம். அவற்றின் இலைகளிலும் இதே திருத்தம் நடந்திருக்கும்.

வாதத்துக்கு மிகவும் உதவுவது மூளையில் நடப்பது. நரம்புச் செல்களில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை ஏற்கும் வாயில் ஒன்றின் ஆர்என்ஏயில், ஏடார்-2 என்ற நொதி ஓர் 'ஏ' எழுத்தை இனோசினாக மாற்றுகிறது. இனோசினை ரைபோசோம் 'ஜி' என்று படிக்கும். அதனால் குளூட்டமின் வர வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வருகிறது, அந்த வாயில் வழியே கால்சியம் புகுவது தடைபடுகிறது. இளமை முதல் முதுமை வரை ஏறத்தாழ எல்லாப் படிகளிலும் இந்த ஓர் எழுத்து மாற்றப்பட்டே தீர்கிறது. ஏடார்-2 இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள் வலிப்பு கண்டு, மூன்று வாரத்துக்குள் இறந்துபோயின. ஹைடல்பெர்கில் பீட்டர் ஸீபர்க்கின் குழு 2000-இல் ஒரு சோதனை செய்தது. ஏடார்-2 இல்லாத எலிகளின் டிஎன்ஏயிலேயே அந்த எழுத்தை 'ஜி' என்று எழுதிவைத்தார்கள். அந்த எலிகள் பிழைத்துக்கொண்டன. அதாவது, மூலத்தில் உள்ளபடியே நடந்தால் அந்த உயிர் சாகும். மூலத்தில் உள்ளபடி நடக்காமல் பார்த்துக்கொள்வதாலேயே அது வாழ்கிறது. கடலில் வாழும் ஆக்டோபஸ்கள் இதைச் சூழலோடும் சேர்த்துவிட்டிருக்கின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியக் கரையோர ஆக்டோபஸ்களை 22 டிகிரி நீரிலும் 13 டிகிரி நீரிலும் வைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரில் இருந்தவற்றின் நரம்புகளில் 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் திருத்தம் கூடியிருந்தது, அதுவும் சில நாட்களுக்குள். டிஎன்ஏ மாறவில்லை, நீரின் குளிர் மாறியது. செல்லுக்குள் சரக்குகளை இழுத்துச் செல்லும் கைனெசின் என்ற புரதம் வேறு வேகத்தில் நடக்கத் தொடங்கியது.

இந்தச் செய்திகளை வைத்து விதி இல்லை என்று கூவுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். முதலில் எதிர்ப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும். திருத்துகிற நொதியும் ஒரு மரபணுவிலிருந்து வந்ததுதானே, ஏடார்-2-ஐயும் அபோபெக்-1-ஐயும் டிஎன்ஏதானே எழுதிவைத்திருக்கிறது, அப்படியானால் திருத்தமும் முன்பே எழுதப்பட்டதுதானே என்பார் அவர். கூரிய கேள்வி. திருத்தும் ஆற்றல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு திருத்தம் நடக்கும் என்பதை அந்த எழுத்து தனியே முடிவு செய்வதில்லை. அந்த ஆக்டோபஸ் 13 டிகிரி நீரில் வாழப்போகிறதா 22 டிகிரி நீரில் வாழப்போகிறதா என்பது அதன் டிஎன்ஏயின் எந்த மூலையிலும் கிடையாது. இப்படியானால் இப்படி, அப்படியானால் அப்படி என்ற நிபந்தனை மட்டுமே அங்கே இருக்கிறது. நிபந்தனையாக எழுதப்பட்ட ஒன்று, நடக்கப்போவதை எழுதியது ஆகாது. எதிர்ப்பவர் விடமாட்டார். நீரின் குளிரும் ஏதோ ஒரு காரணத்தால் வந்ததே, காரணங்களின் சங்கிலி அறுபடவில்லையே என்பார். அறுபடவில்லை, அதை அறுக்க நான் முயலவும் இல்லை. காரணமின்றி எதுவும் நடக்காது என்பது ஒரு கொள்கை. என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் முடிவு ஒன்றே என்பது முற்றிலும் வேறு கொள்கை. முதலாவதில் நம் செயல் காரணங்களில் ஒன்றாக உள்ளே நிற்கிறது. இரண்டாவதில் அது வெளியே தள்ளப்படுகிறது. தலையெழுத்து என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்கிறவர் முதலாவது கொள்கையின் வலுவைக் காட்டி இரண்டாவதை நம் தலையில் கட்டிவிடுகிறார். செல்லின் திருத்தம் முதலாவதை மறுக்கவில்லை, இரண்டாவதுக்கு உடம்பில் இடமில்லை என்று காட்டுகிறது.

அந்த இரண்டாவது கொள்கையை வெளிப்படையாகச் சொன்னவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். ஆசீவகர்கள் நியதி ஒன்றையே பெரிதாக வைத்தார்கள். எறிந்த நூல்கண்டு நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல உயிர்கள் தங்கள் காலம் தீரும்வரை சுழன்றே தீரும், முயற்சியால் குறைப்பதற்கோ கூட்டுவதற்கோ இல்லை என்ற கருத்தை, மற்கலி கோசாலர் சொன்னதாகப் பாலி நூல்கள் பதிவு செய்கின்றன. வடக்கில் மங்கிய பிறகும் அந்தச் சமயம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நின்றது. மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதிடுகின்றன. நெய்வேலியிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் வரும் திருத்துறையூரைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயங்களை வரிசையாக எடுத்து மறுக்கும்போது ஆசீவகத்தையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய ஆசிரியர் மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தவர். அந்த மரபில் பின்னால் வந்த உமாபதி சிவம் சிதம்பரத்தோடு சேர்ந்தவர். சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர்கள் நடமாடிய நிலம் இதுதான். அவர்கள் வினையை மறுத்தவர்கள் அல்லர். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில் ஒன்றாகவே அதை வைத்தவர்கள். சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்தம், இனிச் சேரும் ஆகாமியம் என்று கணக்குப் பிரித்தவர்கள். வினையை இவ்வளவு உறுதியாக நம்பியவர்கள் நியதிவாதத்தை ஏற்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

வினை சடம் என்பது அவர்கள் வாதம். செய்தவன் யார், பலன் என்ன, எப்போது, எந்த உடம்பில் என்பதை வினை தானே அறியாது. அறியாத பொருள் தானே போய்ச் செய்தவனைப் பற்றிக்கொள்ள முடியாது. ஆகவே வினைக்கும் அதன் பலனுக்கும் இடையில் அறிவுள்ள ஒருவன் நின்று பலனைக் கூட்டிவைக்க வேண்டும். வினை தன் ஆற்றலாலேயே பலன் தரும் என்ற மீமாம்சகர்களுக்கு அவர்கள் சொன்ன விடை இது. இந்த வாதத்தைக் கொண்டு இறைவன் இருப்பதை நான் இங்கே நிறுவ வரவில்லை, அதற்கு வேறு விவாதம் வேண்டும். நான் கவனிக்கச் சொல்வது, எழுத்துக்கும் நிகழ்வுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு என்பதையும், அந்த இடைவெளியை எழுத்து தானே தாண்டாது என்பதையும் அவர்கள் தெளிவாகக் கண்டார்கள் என்பதைத்தான். அந்த இடைவெளியில் அவர்கள் அருளையும் வைத்தார்கள். ஆசிரியர் தீக்கை செய்யும்போது சஞ்சிதம் எரிந்துபோகும் என்றார்கள். அது ஆர்என்ஏ திருத்தத்தையும் தாண்டியது, பதிவேட்டையே அழிப்பது. மெய்கண்டாருக்கு ஆர்என்ஏ தெரியும் என்ற வகைப் பேச்சு நம்மிடையே அடிக்கடி எழுவதால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: அவர்களுக்குச் செல்லும் தெரியாது, நொதியும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. எழுதப்பட்ட ஒன்று எப்படி நிகழ்வாகிறது என்ற கேள்வியை அவர்கள் உயிரைப் பற்றிக் கேட்டார்கள், ஆய்வுக்கூடம் உடம்பைப் பற்றிக் கேட்டது. எழுத்தே நிகழ்வு என்ற விடையை இரு தரப்பும் ஏற்கவில்லை. ஒற்றுமை அந்த அளவோடு சரி.

பக்தர் பக்கத்திலிருந்தும் ஓர் ஆசை எழும். இவ்வளவு நுட்பமாகத் திருத்தம் நடக்கிறதே, இதுவே அவன் கருணைக்குச் சான்று என்று சொல்லத் தோன்றும். அந்த வழியில் நான் போகமாட்டேன். ஸீபர்க்கின் எலிகளே தடையாக நிற்கின்றன. டிஎன்ஏயில் நேரடியாக எழுதினாலே அந்த எலி பிழைக்கிறது என்றால், முதலிலேயே சரியாக எழுதியிருக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்கு உயிரியலாளர்களில் ஒரு சாரார் சொல்லும் விளக்கம் வேறு மாதிரியானது. வேறு எதற்கோ இருந்த நொதி முதலில் தற்செயலாகத் திருத்தும் திறனைப் பெற்றது. அது இருந்ததால் மூலத்தில் பிழைகள் சேர்ந்தாலும் உயிருக்குக் கெடுதி வரவில்லை. பிழைகள் சேரச் சேரத் திருத்தம் இல்லாமல் வாழ முடியாது என்ற நிலை வந்தது. 1993-இல் கோவெல்லோவும் கிரேயும் முன்வைத்த இந்த விளக்கத்தில் எந்த முன்யோசனையும் கிடையாது. மேலும், மனிதனைக் கொல்லும் காலா அசார் ஒட்டுண்ணியும் தன் ஆர்என்ஏயைத் திருத்துகிறது. திருத்தம் கருணை என்றால் அந்தக் கருணை நோய்க்கிருமிக்கும் கிடைத்திருக்கிறது. ஆகவே செல்லிலிருந்து இறைவனின் குணத்தைப் படிக்க முயல்வது வீண். ஆனால் செல்லைக் காட்டி, எழுதியது எழுதியபடி நடப்பதே இயற்கை என்று ஒருவர் சொல்வாரானால், அதை மறுக்க எனக்கு உரிமை உண்டு. பொய்யான முட்டுக்கட்டையைத் தட்டிவிடுவது வேறு, அந்த இடத்தில் புதிதாக ஒன்றை நட்டுவைப்பது வேறு. நான் செய்வது முதலாவதை மட்டும்.

அந்த முட்டுக்கட்டை மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதை வடலூரில் பார்க்க முடியும். நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23-இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர்களுக்கு உணவளிக்க அடுப்பை மூட்டினார். அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், தன்னை எதிர்ப்பவரின் கேள்வியை மழுப்பாமல் அவரே எடுத்து வைக்கிறார். பசியால் ஒருவர் துன்பப்படுவது முன் செய்த வினைக்குக் கடவுள் விதித்த தண்டனை என்றால், சோறு போட்டு அந்தத் துன்பத்தை நீக்குவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா என்பது கேள்வி. வினை என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டிருந்தால் அவர் வேலை எளிதாக முடிந்திருக்கும். அப்படிச் சொல்லவில்லை. பெருங்குற்றம் செய்து விலங்கு பூட்டப்பட்டுச் சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறு போடுகிறான், அதனால் தண்டனை ரத்தாவதில்லை, சோறு போட்ட சேவகன் குற்றவாளியும் ஆவதில்லை என்ற வழியில் விடை சொல்கிறார். இந்த வாதத்தின் கூர்மை எனக்குப் படிக்கப் படிக்கப் பெரிதாகத் தெரிகிறது. பதிவேட்டை அவர் தொடவில்லை. பதிவேட்டுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் இடத்தில் போய் நிற்கிறார். விதித்தவனின் ஆட்சிக்குள்ளேயே அந்த இடத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்படுகிறான் என்று காட்டிவிடுகிறார். தண்டனையை எழுதிய கையே சோற்றையும் அனுப்புகிறது என்றால், எழுத்தைக் காட்டிச் சோற்றைத் தடுப்பவன் யாருடைய ஆணையை நிறைவேற்றுகிறான்?

எதிர்ப்பவர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் அதுவும் அவன் பிராரத்தம், கிடைக்காவிட்டாலும் அவன் பிராரத்தம் என்பார். இந்தப் பதிலை எவராலும் பொய்யாக்க முடியாது. இதன் பலவீனமே அதுதான். எது நடந்தாலும் பொருந்துகிற ஒரு விளக்கம், நடப்பதற்கு முன்னால் எதையும் சொல்வதில்லை. இவனுக்குப் பசி விதிக்கப்பட்டிருக்கிறதா, சோறு விதிக்கப்பட்டிருக்கிறதா என்பது நான் இலை போட்ட பிறகுதான் தெரியவரும் என்றால், இலை போடுவதா வேண்டாமா என்று நான் யோசிக்கும்போது விதி எனக்கு ஒரு காரணமாக முடியாது. நடந்து முடிந்த துக்கத்தைத் தாங்கிக்கொள்ள விதி என்ற எண்ணம் உதவலாம், அதை நான் யாரிடமிருந்தும் பறிக்கமாட்டேன். பிள்ளையை இழந்த தாய் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அதையே இன்னும் நடந்து முடியாத ஒன்றுக்கு, அதிலும் இன்னொருவருடைய துன்பத்துக்குச் சொல்வதுதான் குற்றம். நெய்வேலி மண் இதற்கு நல்ல பாடம். சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். அந்த இறைப்பை மனிதர்கள் முடிவு செய்தார்கள், மனிதர்கள் நடத்துகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் சுரங்கப் பணிக்காக மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது, அங்குள்ள மக்கள் அதை விதி என்று வாளாவிருக்கவில்லை, எதிர்த்து நின்றார்கள். யார் முடிவு செய்தது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் அப்படி. யார் முடிவு செய்தது என்று தெரியாதபோது மட்டும் நாம் அதை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பணிமனைத் தூசியில் உழைத்தவரின் இருமலுக்கு அவர் பரம்பரையைக் காரணம் காட்டும்போது, மரபணுவும் அதே கணக்கில் போய்ச் சேர்கிறது.

இன்னும் ஒரு தடை இருக்கிறது. திருத்தம் தற்காலிகமானது. ஆர்என்ஏ சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிதைந்துபோகும், அடுத்த படி வந்தால் மறுபடியும் திருத்த வேண்டும், பிள்ளைக்குப் போவது திருத்தப்படாத மூலமே. 2024-இல் வேவ் லைஃப் சயின்சஸ் என்ற நிறுவனம், நுரையீரலையும் கல்லீரலையும் கெடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு உள்ளவர்களின் உடம்பில் முதன்முறையாக ஆர்என்ஏயைத் திருத்திக் காட்டியது. அவர்களுடைய கல்லீரலில் ஏற்கெனவே இருந்த ஏடார் நொதியையே அந்த மருந்து தேவையான எழுத்துக்கு அழைத்துச் சென்றது. அந்த மருந்தையும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். மூலத்தில் உள்ள பிழை அப்படியே இருக்கிறது. அதேபோல், இன்று போட்ட சோறு நாளைய பசியைத் தீர்க்காது, வினையையும் தீர்க்காது, வீட்டுக்கும் வழி காட்டாது என்று சித்தாந்தி ஒருவர் சொல்லலாம். வள்ளலாருக்கு இது தெரியாததில்லை. தெரிந்தும், பசியையும் கொலையையும் நீக்குவதைப் பர ஜீவகாருண்யம் என்று மேலே வைத்தார். தாகம், பிணி, வறுமை, பயம் முதலியவற்றை நீக்குவதை அபர ஜீவகாருண்யம் என்று அடுத்த படியில் வைத்தார். திரும்ப வருவது உறுதியான ஒரு துன்பத்தை மேல்படியில் வைத்ததிலிருந்தே, நிலையாகத் தீர்ப்பது மட்டும்தான் தீர்ப்பது என்ற அளவுகோலை அவர் ஏற்கவில்லை என்பது தெரிகிறது. அவரைப் பொறுத்தவரை அந்தச் செயலின் வேர் ஆன்மாக்களுக்குள் இருக்கும் உறவு. ஒருவர் துன்பத்தைக் கண்டால் இன்னொருவர் ஆன்மா உருகுவது அந்தச் சகோதர உரிமையால் என்கிறார். இந்த உரிமைக்குச் செல்லில் எந்த ஆதாரமும் கிடையாது. குடலில் எழுத்தை மாற்றும் நொதிக்குக் கொழுப்பும் தெரியாது, பசியும் தெரியாது, யாருக்காக மாற்றுகிறோம் என்பதும் தெரியாது. எழுத்துக்கும் நிகழ்வுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்பது வரை உயிரியல் நம்மைக் கூட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் ஒருவர் ஏன் போய் நிற்க வேண்டும் என்பதை அதனிடம் கேட்க முடியாது, வள்ளலாரிடம்தான் கேட்க வேண்டும். அவர் விடையை ஏற்காதவர் தன் சொந்த விடையோடு வர வேண்டும்.